வத்தளைப் பக்கம் காணி வாங்க முன்: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஹட்டன்): வத்தளையில் ஹெந்தளைப் பக்கம் 8 பேர்ச் காணி ஒன்று பார்த்திருக்கிறோம். பக்கத்துக் காணிகளைவிட விலை நன்றாகக் குறைவு. "மண் போட்டு நிரப்பிப் பத்து வருஷமாச்சு, பயமே இல்ல" என்கிறார் தரகர். இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்க வேண்டாம். விலை குறைவுக்கான காரணத்தைத் தரகரே சொல்லிவிட்டார். அது நிரப்பிய காணி. நிரப்பியதெல்லாம் கெட்ட காணி என்று சொல்லவில்லை. யாருடைய அனுமதியோடு நிரப்பினார்கள், என்ன போட்டு நிரப்பினார்கள் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

களனி ஆற்றுக்கு வடக்கே ஹமில்டன் கால்வாயை ஒட்டி நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் தாழ்நிலம்தான் முத்துராஜவெல. அதன் வடபகுதி 1996 முதல் வனசீவராசிகள் சரணாலயம். அதன் விளிம்பில் இருக்கும் பள்ளக் காணியைச் சொந்தக்காரர் நினைத்தபடி நிரப்ப முடியாது. இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டும். அது வயலாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதியும் வேண்டும். மலையில் வீடு கட்டும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை உள்ளூராட்சிச் சபை கேட்கிறதல்லவா? இங்கே அந்த இடத்தில் இருப்பது கூட்டுத்தாபனத்தின் கடிதம். அது இல்லாவிட்டால் சபை பிளானைத் திருப்பி அனுப்பும், வங்கியும் கடனுக்கு இழுத்தடிக்கும். நிரப்பியது பழைய சொந்தக்காரர் என்பதால் நீங்கள் தப்ப முடியாது. அனுமதி கேட்டுப் போய் நிற்கப்போவது நீங்கள்தான்.

முதலில் சேவயர் பிளானின் பிரதி, உறுதியின் பிரதி, சோலைவரி இலக்கம் மூன்றையும் தரகரிடம் வாங்குங்கள். உறுதியின் அட்டவணையில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். அது "கும்புர" என்று முடிந்தால் ஒரு காலத்தில் வயல், "ஓவிட்ட" என்றால் வயலோரத் தாழ்நிலம், "வத்த" என்றால் தோட்டம். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ஆனால் அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிறகு சபைக்குப் போங்கள். வத்தளையில் வத்தளை-மாபொல நகர சபை, வத்தளை பிரதேச சபை என இரண்டு உண்டு. சோலைவரி இலக்கத்தைக் காட்டினால் உங்களுடையது எது என்று சொல்வார்கள். வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி அரசுடைமையாக்கப்படவில்லை என்ற சான்றிதழும் அங்கேதான் எடுக்க வேண்டும். வீதிக்கோட்டை அலட்சியம் செய்யாதீர்கள். 10 மீற்றர் முகப்புள்ள காணியில் எதிர்கால வீதி அகலிப்புக்கு 1.5 மீற்றர் போனால் 15 சதுர மீற்றர் கட்ட முடியாத நிலமாகிவிடும். அது ஏறத்தாழ 0.6 பேர்ச். அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை கேட்கிறார்கள்.

நிரப்பியதற்கான அனுமதி இருக்கிறதா என்று வாய்மொழியாகக் கேட்டால் "இருக்கும்" என்றுதான் பதில் வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்குப் பிளான் இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நீங்கள் தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கொழும்புப் பக்க அலுவலகம் என்று தயங்கி, வேறு யாரையாவது கொண்டு சிங்களத்தில் எழுதுவித்து, என்ன எழுதினோம் என்றே தெரியாமல் கையொப்பமிட வேண்டிய தேவை இல்லை.

அடுத்தது மண். சொந்தக்காரரின் சம்மதத்தோடு காணியின் ஒரு மூலையில் நாலடிக் குழி வெட்டிப் பாருங்கள். மேலே ஒன்றரை, இரண்டு அடி சிவப்புக் கிரவல். அதன் கீழே உடைந்த செங்கல், ஓடு, பொலித்தீன். அதற்கும் கீழே கறுப்பாய், அழுகல் வாடையோடு, கையில் பிழிந்தால் தண்ணீர் விடுகிற மண் வந்தால் அது முற்றாக மக்காத சதுப்பு மண். பாரம் ஏற ஏறப் பஞ்சுபோல அமுங்கும், வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரே அளவாக இறங்காது. ஒரு மூலை கூட, ஒரு மூலை குறைய என்று இறங்குவதால்தான் யன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடிக்கிறது. அக்கம்பக்கத்து மதில்களைப் பாருங்கள். சாய்வான வெடிப்பு, சரிந்த கேற் தூண், வீட்டுப் படிக்கும் முற்றத்துக்கும் இடையில் விழுந்த இடைவெளி ஆகியவற்றைக் கண்டால் அந்த ஒழுங்கை முழுவதும் அதே மண்ணாக இருக்கலாம்.

அதற்காக வீடே கட்ட முடியாது என்று எண்ண வேண்டாம். சதுப்பு மண் மெல்லிய படையாக இருந்தால் தோண்டி எடுத்துவிட்டுக் கிரவலை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கலாம். தடிப்பாக இருந்தால் முழு வீட்டுக்கும் ஒரே கொங்கிரீட் தட்டாக அத்திவாரம் போட வேண்டும், அல்லது கெட்டி மண் வரை பைல் எனும் தூண்களை இறக்க வேண்டும். எது என்பதை மண் துளைப் பரிசோதனை பார்த்துப் பொறியியலாளர் சொல்ல வேண்டும், மேசன் பாஸ் சொல்வது போதாது. மலையில் கற்பாறை மேல் போடும் கருங்கல் அத்திவாரத்தை இங்கே அப்படியே போட்டவர்களின் வீடுகள்தான் முதலில் வெடிக்கின்றன. காணி விலையில் மிச்சம் பிடித்ததை அத்திவாரம் விழுங்கிவிடக்கூடும். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா என்று தீர்மானியுங்கள்.

வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். களனி ஆற்றின் கீழ்ப்பகுதிக்குக் கொழும்பில் நாகலகம் வீதியிலுள்ள ஆற்று நீர்மட்ட அளவுகோல்தான் கணக்கு. 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016 மே மாதத்தில் அது 7 அடியைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடும் ஆற்றோரம் மூழ்கியது. இந்த இரண்டு முறையும் தண்ணீர் எதுவரை வந்தது என்று மூன்று வீட்டிலாவது கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்பது நல்லது, விற்கும் எண்ணம் இல்லாததால் உள்ளதைச் சொல்வார்கள். வீதியை ஒவ்வொரு முறை கார்பெட் போடும்போதும் அது உயர்கிறது, பழைய வீடுகள் பள்ளமாகின்றன. ஆகவே உங்கள் தள மட்டத்தை இன்றைய வீதியைவிட நன்றாக உயர்த்திப் பிளானில் கேளுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் மலசலகூடக் குழி மழைக்காலத்தில் தண்ணீரை உறிஞ்சாமல் திருப்பித் தள்ளும். அதையும் அந்த வாடகை வீட்டாரிடமே விசாரியுங்கள்.

கடைசியாக அட்வான்ஸ். முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டில் "காணிக்கு முற்பணம்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கினால் போதும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். அந்த உடன்படிக்கையில் "சபையின் அல்லது கூட்டுத்தாபனத்தின் அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியைப் போடச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவர் எதை மறைக்கிறார் என்று யோசியுங்கள். 30 வருடத்துக்கான பதிவேட்டுத் தேடலைக் காணிப் பதிவகத்தில் உங்கள் வழக்கறிஞர் செய்யட்டும். விற்பவர் தரும் வழக்கறிஞரோடு நின்றுவிடாதீர்கள்.

கேள்வி (தலவாக்கலை): உஸ்வெட்டகெய்யாவப் பக்கம் கடலிலிருந்து ஏறத்தாழ 250 மீற்றரில் ஒரு பழைய வீடு. கடல் கண்ணுக்கே தெரியாது. கரையோரச் சட்டம் எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருக்கு ஏறும் சராசரி எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு சேரும் ஆறு, களப்பு, ஓடை என்றால் வலயம் 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். ஆகவே பின்மதில் நீர்வழி ஒன்றைத் தொடும் வீடு, கடலிலிருந்து தள்ளி இருந்தாலும் வலயத்துக்குள் விழலாம். அதைத் தவிர, நீர்வழியோரம் கட்டாமல் விட வேண்டிய ஒதுக்கு நிலமும் வேறாக உண்டு.

வலயத்துக்குள் வீடு கட்ட, பெருப்பிக்க எல்லாவற்றுக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சிறு வேலைகளுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கட்டாமல் விட வேண்டிய தூரம் கரைக்குக் கரை மாறும், அரிப்புள்ள இடத்தில் கூடும். உஸ்வெட்டகெய்யாவ கடலரிப்புக் கண்ட கரை என்பதால், பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த தூரம் உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பழைய வீடு என்பதால் விற்பவரிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள்: கரையோர அனுமதி, சபை அங்கீகரித்த பிளான், அந்தப் பிளான்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பிளானில் இல்லாத பின்பக்க அறையோ மேல்மாடியோ இருந்தால் அந்தச் சிக்கலும் வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வரும்.

கேள்வி (பண்டாரவளை): நானும் தம்பியும் சேர்ந்து 10 பேர்ச் வாங்கி ஆளுக்கு 5 பேர்ச்சாகப் பிரித்து இரண்டு வீடு கட்டலாமா?

பதில்: முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொதுவான விதிப்படி குடியிருப்புத் துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், முகப்பு 6 மீற்றர். ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர் என்பதால் 150 என்பது ஏறத்தாழ 6 பேர்ச். உங்கள் பாதி 126தான் வரும். சேவயர் கோடு கீறித் தருவார், அவர் வேலை அது. சபையின் அங்கீகார முத்திரை இல்லாத பிரிவினைப் பிளானை வைத்து வீட்டுப் பிளான் பாஸ் பண்ண முடியாது. விதி வருமுன் பிரிந்த பழைய சிறு துண்டுகளைச் சபை தனியாகக் கவனிக்கும், புதிதாகப் பிரிப்பதற்கு அந்தச் சலுகை இல்லை.

பிரிக்காமல் ஆளுக்குப் பாதிப் பங்காக உறுதி எழுதுவதும் உண்டு. அண்ணன் தம்பிக்குள் இன்று ஒற்றுமை இருக்கலாம், ஆனால் பிரிக்காத பங்குக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பிள்ளைகள் காலத்தில் அது பங்கீட்டு வழக்காகும். 12 பேர்ச்சுக்கு மேல் பாருங்கள், வீதிக்கோடு போன பிறகும் ஆளுக்கு 6 மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் ஒரே கட்டடமாக மேல் கீழ் இரண்டு வீடு கட்ட முடியுமா என்று முன்கூட்டியே சபையில் விசாரியுங்கள். வீதியின் அகலம் அதைத் தீர்மானிக்கும்.

கேள்வி (நாவலப்பிட்டி): "இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்கிறார் தரகர். மகளுக்கு மூன்று வயது. தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைக்குமா என்பதுதான் கவலை.

பதில்: தரகர் சொல்வதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக இனம், மதம், வயது அட்டவணைகளை வெளியிடுகிறது. 2012 கணக்கெடுப்பில் கம்பஹா மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் சிங்களவர், தமிழர் சில இடங்களில்தான் செறிவு. ஆகவே மாவட்டக் கணக்கை விட்டுவிட்டு உங்கள் பிரிவின் கணக்கைப் பாருங்கள். அதிலும் "இந்தியத் தமிழர்" நிரலை மட்டும் எண்ணாதீர்கள். மலையகத்திலிருந்து போன பலர் இலங்கைத் தமிழர் என்றே பதிந்திருக்கிறார்கள், இரண்டையும் கூட்டுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகையையும் பாருங்கள், பள்ளிக்கூட இடத்துக்கான போட்டி அதில் தெரியும்.

 

தரம் 1 அனுமதியில் பாதி இடம் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு. அதற்குக் காணி உறுதி மட்டும் போதாது, ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பதிவைப் பார்க்கிறார்கள். மகளுக்கு மூன்று வயதென்றால் விண்ணப்பத்துக்குள் உங்களுக்கு ஒன்றிரண்டு வருடப் பதிவுதான் சேரும். அதனால் குடிபோனதும் கிராம உத்தியோகத்தரிடம் இருவரின் பெயரையும் பதியுங்கள், நாவலப்பிட்டி இடாப்பில் இருந்து நீக்குங்கள். இடையில் வேறு தமிழ்மொழிப் பாடசாலை இருந்தால் தூரத்துப் பாடசாலைக்குப் புள்ளி வெட்டப்படும் என்பதால், வீட்டுக்கு மிக அருகில் இருப்பதில் தமிழ் மொழிமூல வகுப்பு உண்டா என்று அதிபரிடம் நேரில் கேட்ட பிறகே காணியைத் தீர்மானியுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): ஒரு கோடி ரூபாய்க் காணிக்கு முத்திரை வரி எவ்வளவு?

பதில்: முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. அதாவது 3,000 உடன் 3,96,000 சேர்ந்து 3,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இதற்கு மேல். வரி கணக்கிடப்படுவது காணியின் மதிப்பிட்ட பெறுமதிக்கு என்பதால், உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் பிறகு மதிப்பீடு வந்து மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். வங்கிக் கடனுக்கும் அந்தக் குறைந்த விலை இடைஞ்சலாகும்.