நகம் கிடக்கட்டும், அந்தப் பச்சரிசி?

கேள்வி: எனக்கு 37 வயது. வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுக்கிறேன். ஒரு வருடமாக நகங்கள் தாள் தாளாக உரிந்து உடைகின்றன. நாத்தனார் சொல்லி, 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். பலனில்லை. வேறு எந்த வைட்டமின் வாங்கலாம்? மற்றபடி நோய் எதுவும் இல்லை. சும்மா பச்சரிசி மெல்லும் பழக்கம் உண்டு, மாமியார் அதற்குத் திட்டுவார்.
- ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வேறு மாத்திரையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கடைசி வரிக்கு வாருங்கள். எவ்வளவு அரிசி? ஒரு பிடியா, ஒரு டம்ளரா? புடைக்கும்போது மட்டுமா, மதியம் எல்லோரும் படுத்த பிறகு தனியாக டப்பாவைத் திறக்கிறீர்களா?

‘சும்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா இல்லை அம்மா. உடம்பில் இரும்புச்சத்து குறைந்த பலருக்கு அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று நாக்கு தேடும். கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சொல்லிச் சிரித்தே இதை நம் வீடுகளில் தள்ளிவிடுகிறோம். நகத்தை உடைய வைப்பதும் பல பெண்களுக்கு இந்த இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகைதான். முற்றினால் நகத்தின் நடுப்பகுதி கரண்டி போலக் குழியும். விரலைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்.

பயோட்டின் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் இருந்தால் போதும். முட்டையிலும் நிலக்கடலையிலுமே கிடைக்கும். தினமும் 2,500 மைக்ரோகிராம் கொடுத்துச் செய்த சில சிறிய ஆய்வுகளில் நகம் தடித்தது உண்மைதான். நீங்கள் விழுங்குவது அதைப்போல நான்கு மடங்கு! அப்புறம், இந்த அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டக்கூடும். தைராய்டு குறைந்தாலும் நகம் உடையும் என்பதால் அதையும் பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சாப்பிட்டு வந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரைக்குக் காசு இருந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ஹீமோகுளோபின் பார்க்க நேரம் இல்லையா? நாத்தனார் யோசனை சொன்னார், மாமியார் திட்டினார். உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. வீட்டுப் பெண்ணின் ரத்தம் குறைந்தால் அதற்கு அந்த வீடே பொறுப்பு என்று நம்புகிறவள் நான். மாமியாரையே கூட்டிக்கொண்டு போங்கள். திட்டுகிறவருக்கு அக்கறை இருக்கிறது, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று டாக்டர் கேட்பார், கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே புது நகம் முழுதாக வர நான்கைந்து மாதமாவது ஆகும்.

வீட்டில் பெண் குழந்தை இருந்தால், அவளும் அரிசி மெல்கிறாளா என்று கவனியுங்கள். மெல்கிறாள் என்றால் அவளையும் உடன் அழைத்துப் போங்கள்.