தடை ஓட்டம்: வேகம் எங்கே போகிறது?

கேள்வி: தடைகளுக்கு நடுவில் நண்பன் மூன்று ஸ்டெப் வைக்கிறான். எனக்கு ஐந்து ஆகிறது. கால் நீளம் போதவில்லையா? (பிளஸ் 1 மாணவர், நாமக்கல்)

கால் நீளம் காரணமே இல்லை. 110 மீட்டரில் தடைக்குத் தடை 9.14 மீட்டர். ஏறக்குறைய 2 மீட்டர் முன்னாலேயே எழும்பி, தாண்டியபின் ஒன்றேகால் மீட்டரில் தரையைத் தொடுகிறோம். மிச்சம் 6 மீட்டருக்குள்தான். ஸ்டெப்புக்கு 2 மீட்டர்! சும்மா ஓடும்போதே அதை வைத்துவிடுவீர்கள். நீங்கள் மேலே குதித்து, இறங்கும்போது நின்றுவிடுகிறீர்கள். தடையை மிகவும் தாழ்த்தி, இடைவெளியை 8 மீட்டராக்குங்கள். மூன்று ஸ்டெப் தானாக வந்தபின் அரை அடி அரை அடியாகத் தள்ளிவையுங்கள். எட்டி எட்டிப் பாய்ந்து மூன்றுக்குள் அடக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: 18 விநாடியில் ஓடுகிறேன். எப்படிக் குறைப்பது?

வயது எழுதவில்லை, தடையின் உயரம் எழுதவில்லை. ஆண்களில் 18 வயதுக்குள் 91 செ.மீ., 20 வயதுக்குள் 99, சீனியருக்கு 107. எதில் 18 விநாடி? முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: முதல் தடை வரை 7 ஸ்டெப்பா, 8 ஸ்டெப்பா?

பள்ளியில் 8 போதும். அமெரிக்கத் தடை ஓட்ட வீரர் ஏரீஸ் மெரிட் 8-இலிருந்து 7-க்கு மாறி, 2012-இல் 12.80 விநாடி உலக சாதனை படைத்தார், உண்மைதான். ஆனால் அவர் தேர்ந்த சர்வதேச வீரர்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒருமுறை முழங்காலில் அடிபட்டது. அதிலிருந்து ஒவ்வொரு தடைக்கு முன்னும் வேகம் குறைகிறது. (ஒரு தாய், தேனி)

அம்மா, குழந்தை மேல் தவறில்லை. முதலில் அந்த மைதானத்துத் தடையைப் போய்ப் பாருங்கள். தரையில் படுத்திருக்கும் அதன் அடிக்கால்கள், நாம் ஓடிவரும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டதும் முன்பக்கம் சாயும். திருப்பி வைத்தால் சாயாது, ஆளைத்தான் சாய்க்கும். ஒரு பள்ளியில் பத்துத் தடைகளையும் திருப்பி வைத்துப் பிள்ளைகளை ஓடவிட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்றாவது தடையில் ஒரு பையன் மோதி, தடையோடு சேர்ந்து மண்ணில் சறுக்கினான். தாடை கிழிந்தது. அதற்கப்புறம் அவன் தடை ஓட்டம் பக்கமே வரவில்லை. நல்ல பிள்ளைகளை இப்படித்தான் இழக்கிறோம். வெல்டிங் பட்டறையில் அடித்து, மண்ணில் ஊன்றிவைக்கும் இரும்புச் சட்டம் இன்னும் மோசம். சரியான தடை, மேல்கட்டையின் நடுவில் நாலு கிலோ அளவுக்கு விசை பட்டாலே விழும். உயரத்தை மாற்றினால் அடிக்காலில் உள்ள எடையையும் நகர்த்த வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

பயந்த பிள்ளை ஸ்டெப்பைக் குறுக்கும், மேலே குதிக்கும், வேகம் போகும். அதனால் கொஞ்ச நாள் தடையே வேண்டாம். இரண்டிரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே லேசான குச்சி வையுங்கள். தட்டினால் குச்சி விழும், வலிக்காது. ஓடட்டும், சிரிக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 76 செ.மீ.தான். பயிற்சியிலேயே சீனியரின் 84-ஐ வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: தடையைத் தட்டிவிட்டால் தகுதியிழப்பா?

தாண்டும்போது தவறிப் பட்டால் இல்லை. கையால் தள்ளினாலோ, பின்னால் வரும் காலைத் தடைக்குப் பக்கவாட்டில் வெளியே, மேல்கட்டையைவிடத் தாழ்வாகக் கொண்டுபோனாலோ உண்டு.

கேள்வி: கணுக்காலில் எடை கட்டி ஓடலாமா?

வேண்டாம். மூட்டு கெடும், தாளமும் கெடும்.

கேள்வி: ஐந்து தடை வரை முன்னால் இருக்கிறேன். அப்புறம் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். (பிளஸ் 2 மாணவர், சிவகங்கை)

பயிற்சியில் எத்தனை தடை வைக்கிறீர்கள்? ஐந்துதானே! வாரம் ஒருநாள் எட்டு வையுங்கள், தாழ்த்தி, இடைவெளியையும் குறைத்து. ஒரு தடை தாண்டிக் கால் தரையில் பட்டதிலிருந்து அடுத்த தடை தாண்டிப் படும்வரை நண்பனை ஸ்டாப்வாட்சில் எடுக்கச் சொல்லுங்கள். உலகத்தரத்தில் அது 1 விநாடி. உங்களுக்கு 1.2, 1.3 வந்தாலும் சரி, ஆறாவதிலிருந்து அது எவ்வளவு கூடுகிறது என்பதைக் குறித்துவைத்து அனுப்புங்கள். அடிக்கால் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.