மையில் பேரரசி, மெழுகில் அரசி

ஐயா, எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். இடைக்கால ஐரோப்பாவில் பெண்களும் அதிகாரமும் பற்றி ஆராய ஆசை. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்குப் போட்டியிட்ட பேரரசி மடில்டா தன் ஆணவத்தால்தான் முடியை இழந்தார் என்று அக்கால ஏடுகள் சொல்கின்றன. எந்தக் கோட்பாட்டில் தொடங்கலாம்? வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
ச.

அன்புள்ள ச.,

வேலை அரிது. வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோட்பாடு பிறகு. நீங்கள் அனுப்பிய நீண்ட வாசிப்புப் பட்டியலில் ஒரு லத்தீன் இலக்கண நூல்கூட இல்லையே, அம்மா! லத்தீன் இல்லாமல் வந்தால் ஏடுகளை எழுதிய மதகுருக்களின் கோபம் மட்டும்தான் கையில் மிஞ்சும். 'கெஸ்டா ஸ்டெஃபானி' அரியணையில் இருந்த எதிரி, மன்னர் ஸ்டீஃபனின் பக்கம் நின்று எழுதிய ஏடு. மடில்டாவை அது ஆணவக்காரி என்கிறது. ஸ்டீஃபனின் மனைவி படை திரட்டி வந்தாலோ புகழ்கிறது. இதை நம்பியா ஆய்வு?

பட்டயங்களைப் படியுங்கள். 1141 பிப்ரவரியில் லிங்கன் நகரில் நடந்த போரில் ஸ்டீஃபன் சிறைப்பட்டார். ஏப்ரலில் வின்செஸ்டரில் மடில்டாவைத் தலைவியாக ஏற்றார்கள். பிறகு வந்த பட்டயங்களின் முதல் வரி: 'பேரரசி, ஹென்றி மன்னரின் மகள், ஆங்கிலேயரின் தலைவி.' முதல் பட்டம் இறந்த கணவர், புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் ஹென்றி வழி வந்தது, இரண்டாவது தந்தை, இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி வழி. மூன்றாவதுதான் அந்த ஆண்டு கிடைத்தது. அதே தோலில் தொங்கும் மெழுகு முத்திரையில் 'ரோமானியரின் அரசி' என்றிருக்கும். ஆங்கிலேயரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இந்த இடைவெளியை எந்த ஏடும் உங்களுக்குச் சொல்லாது.

சிக்கல் பெயரில் வரும். எழுத்தர் முதலெழுத்தோடு நிறுத்திவிடுவார். 'எம். அரசி' என்றால் யார்? முதலாம் ஹென்றியின் மனைவியும் மடில்டா, 1118இல் இறந்தவர். ஸ்டீஃபனின் மனைவியும் மடில்டா, 1152இல் இறந்தவர். 1189க்கு முந்தைய அரசப் பட்டயங்களில் பெரும்பாலும் தேதியும் இருக்காது. அப்போது சாட்சிப் பட்டியல்தான் துணை. மடில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றியின் பட்டயத்தில் 'சான்சலர் தாமஸ்' (அரச ஆவணங்களின் தலைவர் தாமஸ் பெக்கெட்) சாட்சி என்றால் அது அவர் பேராயரான 1162க்கு முந்தையது. இப்படி ஒவ்வொரு சாட்சியின் பதவியையும் சாவையும் வைத்து ஆண்டை நெருக்க வேண்டும்.

மூலம் அழிந்து மடத்துப் படி மட்டும் மிஞ்சிய பட்டயங்கள் ஏராளம். படியெடுத்த துறவிக்கு நிலம்தான் முக்கியம். சாட்சிகளை 'மற்றும் பலர்' என்று முடித்திருப்பார். அங்கே 'எம்.' யாரென்று அடித்துச் சொல்லாதீர்கள், பொருந்தும் எல்லாரையும் குறித்து வையுங்கள். லத்தீன் வேற்றுமைகள் மனப்பாடமானதும் எழுதுங்கள், ஒரு பட்டயத்தைச் சேர்ந்து படிப்போம்.