நீலம் ஏன் கத்தரிப்பூ ஆகிறது?

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் செய்த அழைப்பிதழின் நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாகிறது. சின்னக் கறுப்பு எழுத்துகளும் பிசிறடிக்கின்றன. ஏன்?

பதில்: கோப்பு ஆர்.ஜி.பி.யில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கும் திரை முறையில் இருக்கிறது. ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் கலர் மோடை சி.எம்.ஒய்.கே. ஆக்குங்கள்; அது சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் அச்சு முறை. ஆனால் அத்தோடு வேலை முடியாது. திரையின் முழு நீலம் (சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255) ஏறத்தாழ சயான் 88, மெஜந்தா 77 சதவீதம் ஆகிவிடும். இரண்டும் இவ்வளவு நெருங்கினால் கத்தரிப்பூதான். சயான் 100, மெஜந்தா 60 என்று கையாலேயே மாற்றுங்கள். திரையின் பளபளப்பு மட்டும் மையில் வராது.

கறுப்பு இன்னும் தொல்லை. திரையின் கறுப்பை மாற்றினால் நான்கு மைகளும் கலந்து, அவற்றின் அளவுகளின் கூட்டுத்தொகை 300 சதவீதத்தைத் தொடும். ஒவ்வொரு மைக்கும் தனி அச்சுத் தகடு; அதில் ஒன்று இம்மி விலகினாலும் எழுத்தோரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும். எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0.

மாற்றுமுன் ஒரு நகல் வையுங்கள். மறுபடி ஆர்.ஜி.பி. ஆக்கினாலும் பழைய நிறம் திரும்பாது.