ஆப்பில் வேலை எடுத்தால் கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: மாலையில் 3 மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. ஸ்கூட்டரில் பார்சல் கொடுப்பது, கடையில் சாமான் வாங்கித் தருவது போன்ற வேலைகளை ஆப் மூலம் எடுக்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் திரையில் தெரியும் தொகையை வருமானம் என்று எண்ணிவிடாதீர்கள். 4 கி.மீ. வேலைக்கு 50 ரூபாய் என்று வைப்போம். பொருளை எடுக்க 2 கி.மீ., கொண்டுபோய்க் கொடுக்க 4, வெறுங்கையோடு திரும்ப 4. ஆக 10 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டியில், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 22 ரூபாய் செலவு. ஆயில், டயர், பிரேக் தேய்மானத்துக்குக் கி.மீ.க்கு 1 ரூபாய் ஒதுக்குங்கள். மிச்சம் 18 ரூபாய்தான்! திரும்பும் வழியிலேயே அடுத்த வேலை அமைந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் கடைத்தெருப் பக்கமே நில்லுங்கள்.

சொந்தப் பணம் போட்டுச் சாமான் வாங்க வேண்டாம். தொகை வந்ததைப் பார்த்துவிட்டு வாங்கி, பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை, கேட்டால் மோசடி. சேருவதற்கு முன்பணம் கேட்கும் விளம்பரங்களும் அப்படித்தான்.

முக்கியமாக, சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸில் கூலிக்கு ஓட்டினால் விபத்து இழப்பீடு மறுக்கப்படலாம். முதலில் பாலிசியைப் படியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.