ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்ல ஜம்ப் முக்கியமா, கலை முக்கியமா?

பாயிண்ட் கணக்க மட்டும் பாத்தா ஜம்ப் கைதான் ஓங்கியிருக்கு. ட்ரிபிள் ஆக்ஸலுக்கு (முன்பக்கமா எகிறி காத்துல மூணரை சுத்து சுத்துற ஜம்ப்) அடிப்படை மதிப்பு 8, அதையே நாலரை சுத்து சுத்தினா 12.5, அத போட்டியில முதல்ல சுத்தமா இறக்கினது அமெரிக்காவோட இலியா மாலினின், 2022ல. கலை பக்கம் காம்போசிஷன், பிரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்னு மூணு, ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போட்டு, அத ஒரு குறிப்பிட்ட எண்ணால பெருக்குவாங்க, அந்த உச்சத்துக்கு மேல ஏறாது.

ஆனா பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவோட ஜேசன் பிரவுன் ஒரு குவாட் (நாலு சுத்து ஜம்ப்) கூட போடாம ஆறாவது வந்தாரே! 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ்ல குவாட் போட்ட ரஷ்யாவோட பிளஷென்கோவ, குவாடே இல்லாத அமெரிக்க வீரர் லைசாசெக் 1.31 பாயிண்ட்ல ஜெயிச்சாரு.

ஜம்பும் கலையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு எனக்கு புரிஞ்சது சிங்கப்பூர் ஜூரோங் ஈஸ்ட்ல இருந்த ஜேகியூப் ஐஸ் ரிங்க்லதான் (2023ல மூடிட்டாங்க, இன்னும் மனசு ஆறல). மகள் கிளாஸ் முடியுற வரைக்கும் தடுப்புகிட்ட நின்னு பாத்துட்டே இருப்பேன், கத்துக்குற பிள்ளைங்க வந்தா ஐஸ் கரகரன்னு சுரண்டும், நல்லா ஆடுறவங்க முழங்கால மெதுவா மடக்கி எட்ஜ்ல (ஸ்கேட் பிளேடோட விளிம்புல) சாயும்போது சத்தமே வராது, ஜம்புக்கு வேண்டிய வேகமும் அந்த எட்ஜ்லேருந்துதான் வருது. அப்புறம் ரெண்டையும் எப்படிங்க தனித்தனியா பிரிக்கிறது?

என் ஓட்டு ஜப்பானோட யுசுரு ஹன்யூவுக்குத்தான். கஷ்டமான காலசைவுலேருந்து நேரா ட்ரிபிள் ஆக்ஸலுக்கு ஏறுவாரு, இறங்கினதும் நிக்காம அடுத்த அசைவுக்கு போயிடுவாரு, ஜம்ப் எங்க முடிஞ்சுது, ஆட்டம் எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியாது.