நாக்கு எரிச்சலுக்கு லேசர்: சிட்டிங் போகவா, கருவி வாங்கவா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. ஆறு மாசமா நாக்கு நுனியும் உதடும் சுடுதண்ணி பட்ட மாதிரி எரியுதுங்கறாங்க, வாயத் தொறந்து பாத்தா புண்ணு ஒண்ணும் இல்ல. பல் டாக்டர் ஒருத்தர் பாத்த உடனே பர்னிங் மவுத் சிண்ட்ரோம்னு சொல்லிட்டு, லேசர் 10 சிட்டிங் பேக்கேஜ், மொத்தமா கட்டினா தள்ளுபடின்னார். அதவிட கம்மியா ஆன்லைன்ல வீட்ல வச்சுக்கற லேசர் கருவியே வருது. எது வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு ரெண்டும் வேணாங்க. முதல்ல ரத்த டெஸ்ட் எடுத்தாச்சா? நீங்க அதப்பத்தி எழுதவே இல்ல. இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், துத்தநாகம் கம்மியானாலும் வாய் எரியும், சுகர் தைராய்டு இருந்தாலும் எரியும், வாய்ல பூஞ்சை, வறட்சி, பல்செட் அலர்ஜி, சில பேருக்கு பேஸ்ட்ல நுரை வரப் போடற சோடியம் லாரில் சல்ஃபேட் கூட காரணம். அம்மா பிரஷர் மாத்திரை போடறாங்களா? எனலாப்ரில் வகை மாத்திரைல இந்த எரிச்சல் வர்றது உண்டு (அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க). பி12 கம்மியா இருக்கறவங்களுக்கு லேசர் அடிச்சா பி12 ஏறாது, காசுதான் இறங்கும். இதெல்லாம் பாத்து ஒண்ணும் இல்லன்னு ஆனப்புறம், தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல எரிச்சல் இருந்தாதான் பர்னிங் மவுத் சிண்ட்ரோம்ங்கற பேரையே வைப்பாங்க. மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகம், அதனால அம்மா சும்மா சொல்றாங்கன்னு வீட்ல யாரும் நினைக்க வேணாம்.

சரி, எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வெச்சுக்குவோம். லேசர் ஏமாத்து வேலையான்னா இல்ல. இது வெட்டற லேசர் இல்ல, சூடும் தெரியாது, சிவப்பு இல்லன்னா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்த திசுவுல பாய்ச்சறாங்க, செல்லுக்குள்ள சக்தி உண்டாக்கற மைட்டோகாண்ட்ரியாங்கற பாகம் அத உறிஞ்சி வலியும் வீக்கமும் குறையலாம்ங்கறதுதான் கணக்கு. சின்னச் சின்ன ஆய்வுகள்ல எரிச்சல் குறைஞ்சிருக்கு, ஆனா பல ஆய்வுல லேசர ஆன் பண்ணாமலே சும்மா வச்சுக் காட்டின நோயாளிகளுக்கும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதுதான் சிக்கல். 2016ல காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளத் தொகுத்து அலசிப் பாக்கற அமைப்பு) இந்த நோய்க்கான வைத்தியங்கள்ல 23 ஆய்வுகள எடுத்துப் பாத்துட்டு, எதுக்குமே உறுதியான ஆதாரம் போதலன்னுதான் சொன்னாங்க. அதனால "கியாரண்டியா குணமாகும்"னு யாரு சொன்னாலும் எழுந்து வந்துடுங்க.

டாக்டர்கிட்ட போனா இதக் கேளுங்க: வெளிச்சத்தோட அலைநீளம் எத்தன நானோமீட்டர், பவர் எத்தன மில்லிவாட், ஒரு இடத்துல பாயற சக்தி எத்தன ஜூல்? பதில் சொல்ல முடியலன்னா அந்த மெஷின பத்தி அவருக்கே தெரியலன்னு அர்த்தம். அம்மா, டாக்டர் ரெண்டு பேரும் கண்ணுக்குக் கண்ணாடி போடறாங்களான்னு பாருங்க, அந்த லேசருக்கு ஏத்த கண்ணாடியா இருக்கணும், கூலிங் கிளாஸ் ஆகாது. காசு சிட்டிங்குக்கு சிட்டிங் கட்டுங்க. மூணு நாலு தடவைக்கப்புறம் எரிச்சல் பத்துக்கு எவ்வளவுன்னு அம்மாவையே கேட்டு எழுதி வைங்க, மாறலன்னா நிறுத்திடலாம், பேக்கேஜ் கட்டிட்டா நிறுத்த மனசு வராது.

வீட்டுக் கருவிக்கு வருவோம். கணக்கு சிம்பிள், 100 மில்லிவாட் லேசர் 10 செகண்ட்ல ஒரு ஜூல் குடுக்கும், 5 மில்லிவாட் கருவி அதே ஒரு ஜூலுக்கு 200 செகண்ட் எடுக்கும், அதுவும் ஒரே ஒரு புள்ளிக்கு! நாக்கு முழுக்க எத்தன புள்ளி இருக்கு, அம்மா எவ்வளவு நேரம்தான் வாயத் தொறந்து வச்சிருப்பாங்க? பவர் ஜாஸ்தியான கருவி வாங்கிடலாம்னா அது கண்ணுக்கு ஆபத்து. எஃப்டிஏ (அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு) ரெஜிஸ்டர்டுன்னு பெட்டில போட்டிருந்தா மயங்காதீங்க, கம்பெனி பேர பதிவு பண்ணிருக்காங்கன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், வேலை செய்யும்னு யாரும் சொல்லல.

வாய்ல ஆறாத புண்ணோ, போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டோ ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா லேசர் பேச்சே வேணாம், முதல்ல அது என்னன்னு டாக்டர் பாக்கணும்.

கேள்வி: நான் ஏற்கனவே கருவி வாங்கிட்டேன், மூணு வாரமா மாற்றமே இல்ல. கேட்டா டபுள் நேரம் வைங்கன்னு விக்கறவர் சொல்றார்.

பதில்: வைக்காதீங்க. இந்த வெளிச்சம் ஒரு அளவத் தாண்டினா பலன் குறைஞ்சுடும்னு லேப்லயே பாத்திருக்காங்க, கூடக் கூட நல்லதுங்கற கதையே இதுல கிடையாது. அவரு அப்படிச் சொல்றதே ரிட்டர்ன் தேதி தாண்டட்டும்னுதானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். விளம்பரத்துல குணமாகும்னு போட்டிருந்தா இன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, ரீஃபண்ட போன்ல கேக்காம எழுத்துல கேளுங்க.